மைசூர் பருப்பின் விளைச்சல்: செடியில் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி இதுதான்: மத்தியப் பிரதேசத்தில் முதுகலை ஆய்வுக்காக மைசூர் பருப்பு, அதாவது மசூர், ரகங்கள் சிலவற்றை விதைத்திருக்கிறீர்கள். விதை விளைச்சலைத் தீர்மானிக்கும் செடிப் பண்பு எது என்று தேடினால் ஒரு கட்டுரை காய் எண்ணிக்கை என்கிறது, இன்னொன்று மொத்தச் செடி எடை என்கிறது, மூன்றாவது நூறு விதை எடை என்கிறது. எதை நம்புவது?

முதலில் என் பதிலைச் சொல்லிவிடுகிறேன், காரணங்களை அப்புறம் பார்க்கலாம். ஒரே நிலத்தில், ஒரே பருவத்தில் விதைத்த ரகங்களை ஒப்பிட்டால், விளைச்சல் வித்தியாசத்தில் பெரும்பங்கு செடிக்கு எத்தனை காய் திரண்டது என்பதிலிருந்து வருகிறது. ஆனால் அந்தக் காய் திரளுமா, பொக்காகப் போகுமா என்பதைப் பூக்கும் காலம் முடிவு செய்கிறது. அதனால் என் வரிசையில் பூக்கும் காலம் முதலில், திரண்ட காய் இரண்டாவது, விதை எடை மூன்றாவது. பண்புகளுக்கும் விளைச்சலுக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் உங்கள் அட்டவணையில் மொத்தச் செடி எடை முதலிடத்தில் வந்து நிற்கும். அதற்கான காரணம் செடியில் பாதி, கணக்கில் பாதி. அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

செடியிலிருந்து தொடங்குவோம். மசூர் சின்னச் செடி. முக்கால் அடியிலிருந்து ஒன்றரை அடி வரைதான் வளரும். இலைக்கக்கத்திலிருந்து மெல்லிய காம்பு ஒன்று கிளம்பும், அதில் ஒன்று முதல் மூன்று பூ, எப்போதாவது நான்கு. பூத்ததெல்லாம் காயாவதில்லை, பெரும்பாலான காம்புகளில் ஒன்றோ இரண்டோதான் நிற்கும். காயைப் பிரித்தால் உள்ளே ஒன்று அல்லது இரண்டு விதை. உளுந்தில் ஆறேழு விதை பார்த்துப் பழகியவர்களுக்கு இது ஏமாற்றமாகத்தான் இருக்கும். மூன்று விதை உள்ள காய் கிடைத்தால் அது அபூர்வம். ஆகவே காய்க்கு எத்தனை விதை என்ற பண்பில் ரகத்துக்கு ரகம் பெரிய வித்தியாசம் காட்ட இடமே இல்லை. வித்தியாசம் இல்லாத இடத்தில் தேர்வு செய்து என்ன பயன்? அதை அளந்து எழுதுங்கள், அதன்மேல் நம்பிக்கை வைக்காதீர்கள்.

மீதமுள்ளவை மூன்று: சதுர மீட்டருக்கு எத்தனை செடி, செடிக்கு எத்தனை காய், ஒரு விதையின் எடை எவ்வளவு. கையாலேயே கணக்குப் போட்டுப் பாருங்கள். சதுர மீட்டரில் 100 செடி நிற்கிறது, செடிக்கு 27 காய், காய்க்குச் சராசரி ஒன்றரை விதை, நூறு விதை எடை 2.5 கிராம் என்று வையுங்கள். பெருக்கினால் சதுர மீட்டருக்குச் சுமார் 101 கிராம், ஹெக்டேருக்கு ஏறக்குறைய ஒரு டன். அதாவது ஒரு டன் விளைச்சல் என்பது செடிக்கு வெறும் ஒரு கிராம் விதைதான். அதே செடிகளில் காய் 40 ஆனால் ஒன்றரை டன். செடிக்குப் பதின்மூன்று காய் கூடினால் அரை டன் கூடுகிறது. ஆராய்ச்சித் தோட்டங்களில் இடைவெளி விட்டு நட்ட தனிச்செடிகளில் நூற்றுக்கும் மேல் காய் எண்ணியதாக எழுதுவார்கள். அது பொய்யில்லை. ஆனால் அந்தச் செடிக்குப் பக்கத்தில் போட்டிக்கு ஆள் இல்லை. விவசாயியின் வயலில் நெருக்கத்துக்கு நடுவே 27-ஐ 40 ஆக்கக்கூடிய செடிதான் நமக்கு வேண்டும். தனியாக நின்று பரந்து கிளைக்கிற செடி நெருக்கத்தில் அப்படியே நடந்துகொள்ளும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

பிப்ரவரிக் கடைசியில் வரிசையின் நடுவிலிருந்து ஒரு செடியைப் பிடுங்கி, வேரின் மண்ணை உதறிவிட்டுக் கீழிருந்து மேலாகப் பாருங்கள். அடிக் கணுக்களில் காய் பழுப்பேறி, தொட்டால் விதை கடினமாகத் தட்டுப்படும். நடுவில் பச்சைக் காய்கள், அழுத்தினால் விதை நசுங்கும். நுனிக்கு வந்தால் தட்டையாக, வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே ஒன்றுமில்லாத காய்கள். அதற்கும் மேலே இன்னும் பூ. ஒரே செடியில் இத்தனை நிலையும் இருக்கும், ஏனென்றால் மசூர் வளர்ந்துகொண்டே பூக்கிற செடி, தானாக நிற்காது. ஈரம் தீர்ந்தோ வெயில் ஏறியோதான் அதை நிறுத்துகிறது. இதனால்தான் மொத்தக் காயை மட்டும் எண்ணுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. திரண்ட காயையும் பொக்குக் காயையும் தனித்தனியாக எண்ணுங்கள். இரண்டு ரகம் ஒரே காய் எண்ணிக்கை காட்டும். ஒன்றில் நுனிவரை திரண்டிருக்கும், மற்றொன்றில் மேல் மூன்றில் ஒரு பங்கு பொக்காக இருக்கும். விளைச்சல் ஏன் வேறு என்பதற்கான விடை அங்கேதான் கிடக்கும்.

விதை எடைக்கு வருவோம். இந்தியாவின் சிறு விதை ரகங்களில் நூறு விதை 2.5 கிராமுக்குள் இருக்கும், பெரு விதை ரகங்களில் அதற்கு மேல். இந்தப் பண்பு மரபு வழியில் உறுதியாக இறங்குகிறது. தாயில் பார்த்ததை மகளிலும் பார்க்கலாம், மண்ணும் மழையும் அதைக் கொஞ்சம்தான் அசைக்கும். அதனால் கலப்புக்குப் பின் வரும் ஆரம்பத் தலைமுறைகளிலேயே இதற்குத் தேர்வு செய்யலாம். காய் எண்ணிக்கை அப்படியில்லை, ஒரு தண்ணீர் கூடுதலாகக் கிடைத்தாலே ஏறிவிடும். சரி, அப்படியானால் விதையைப் பெரிதாக்கியே விளைச்சலைக் கூட்டிவிடலாமே என்று தோன்றும். மேலே போட்ட கணக்கில் காய் 27-லேயே நிற்க, நூறு விதை எடை மட்டும் 3.5 கிராம் ஆனால் விளைச்சல் 1.4 டன்னைத் தாண்டும். செடி அப்படி விட்டுக்கொடுப்பதில்லை. விதை பெரிதானால் எண்ணிக்கை குறைகிறது. செடியிடம் இருக்கும் உணவு அவ்வளவுதான். இந்த எதிர்த்தொடர்பை உங்கள் அட்டவணையிலும் பார்ப்பீர்கள். அதை உடைக்கும் ரகம் கிடைத்தால் அது மொத்த உணவையே கூடுதலாக உருவாக்குகிறது என்று பொருள். அப்போது கேள்வி விதை எடையை விட்டு இலைப்பரப்புக்கும் வேருக்கும் போய்விடுகிறது.

இப்போது மொத்தச் செடி எடை. தரைக்கு மேலே அறுத்த செடியை விதையோடு சேர்த்து நிறுத்தால் வருவது அது. அதில் விதையின் பங்கு எத்தனை சதம் என்பது அறுவடைக் குறியீடு. மசூர் பற்றிய கட்டுரைகளில் இந்த இரண்டும்தான் விளைச்சலோடு மிக நெருங்கிய தொடர்பு காட்டுகின்றன, ஒரு பண்பு விளைச்சலை நேரடியாக எவ்வளவு, பிற பண்புகள் வழியாக எவ்வளவு பாதிக்கிறது என்று பிரித்துப் பார்க்கும் பாதைப் பகுப்பாய்விலும் நேரடி விளைவில் முன்னே நிற்கின்றன. கொஞ்சம் நிதானமாக யோசியுங்கள். மொத்தச் செடி எடையை அறுவடைக் குறியீட்டால் பெருக்கினால் என்ன வரும்? விதை விளைச்சலேதான். விளைச்சலை இரண்டாக உடைத்து, அந்த இரண்டு துண்டும் விளைச்சலை விளக்குகின்றன என்று எழுதினால் புதிதாக எதுவும் தெரிந்துவிடவில்லை. விளக்கப்படாத மீதம் கிட்டத்தட்ட பூஜ்யம் என்று பெருமையாக எழுதுவார்கள். அது பூஜ்யமாகத்தான் வரும், கணக்கே அப்படி. போதாக்குறைக்கு விதையின் எடை மொத்த எடைக்குள்ளேயே இருக்கிறது, தன்னோடு தானே தொடர்பு காட்டுகிற பகுதி அது.

பாதைப் பகுப்பாய்வின்மேல் தவறில்லை. அமெரிக்க மரபியலாளர் ஸீவால் ரைட் 1921-இல் அதை முன்வைத்தது காரணங்களின் வரிசையை ஆராய்ச்சியாளர் முன்கூட்டியே யோசித்து வரைந்த பிறகு பயன்படுத்தத்தான். புதிய ரகங்களை உருவாக்கும் பயிர்ப் பெருக்கத்தில் டூவி, லூ என்ற ஆய்வாளர்கள் 1959-இல் ஒரு புல் பயிரின் விதை விளைச்சலுக்கு அதைப் பயன்படுத்தினார்கள், அதன்பின் எல்லாப் பயிருக்கும் பரவியது. பரவும்போது யோசிக்கும் பகுதி கழன்றுவிட்டது, அளந்த பத்துப் பண்புகளையும் ஒரே வரிசையில் நிறுத்தி மென்பொருளிடம் கொடுத்துவிடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். இரண்டு அடுக்காக வையுங்கள்: முதல் அடுக்கில் செடி எண்ணிக்கை, திரண்ட காய், காய்க்கு விதை, நூறு விதை எடை. அதற்குப் பின்னால் இவற்றை உருவாக்குகிற பூக்கும் நாள், கிளைகள், செடி உயரம், பூக்கும் நேரத்தில் செடியின் உலர் எடை. கடைசியாகச் சொன்னது முக்கியம். அறுவடை எடைக்குப் பதிலாகப் பூ தொடங்கும்போது சில செடிகளை அறுத்து உலர்த்தி நிறுத்தால் அதில் விதை கலந்திருக்காது. அந்த எடை விளைச்சலோடு தொடர்பு காட்டினால், ஆரம்ப வளர்ச்சி வேகமாக இருந்த செடி அதிகம் காய்க்கிறது என்று உண்மையாகவே எழுதலாம். ஆரம்பத்தில் மிக மெதுவாக வளர்ந்து களையிடம் தோற்றுப்போகிற பயிர் இது என்பதால், அந்தச் செய்திக்கு வயலில் நேரடிப் பயன் உண்டு.

பூக்கும் காலத்துக்கு நான் முதலிடம் கொடுப்பதற்கு ஒரு வரலாறே சாட்சி. மசூர் மேற்காசியாவில் பழக்கப்பட்ட பயிர், மனிதர் முதன்முதலில் பயிராக்கியவற்றில் ஒன்று. பகல் நீளும்போது பூக்கும் இயல்பு கொண்டது. இந்தியாவுக்கு வந்தபோது, இங்குள்ள குளிர்காலக் குறும்பகலிலும் பூத்துவிடுகிற ஒரு சிறு கூட்டம் மட்டும் நிலைத்தது. 1930-இல் ருஷ்ய ஆய்வாளர் பாருலினா மசூரை வகைப்படுத்தியபோது இந்தியத் துணைக்கண்ட வகைகளைத் தனிக் குழுவாகவே வைத்தார். சிறு விதை, சீக்கிரம் பூப்பது, செடியெங்கும் மென்மயிர். இந்தக் கூட்டத்தின் மரபு அடித்தளம் மிகக் குறுகலானது. மேற்காசியாவின் பெரு விதை வகைகளைக் கொண்டுவந்து கலக்கலாம் என்றால், இங்கே அவை பூக்கத் தொடங்கும் நேரத்தில் உள்ளூர்ச் செடிகள் முதிர்ந்துவிடும். மகரந்தம் கொடுக்கவோ வாங்கவோ ஆள் இருக்காது. அப்படியே பூத்தாலும் மார்ச் வெயிலில் காயாகாது.

அந்தப் பூட்டைத் திறந்தவற்றில் முக்கியமானது அர்ஜென்டினாவிலிருந்து வந்த பிரெகோஸ் என்ற ரகம். பெரு விதை, ஆனால் சீக்கிரம் பூக்கும். சிரியாவின் அலெப்போவுக்குப் பக்கத்தில் இயங்கிய, வறண்ட நிலப் பயிர்களை ஆராயும் இக்கார்டா என்ற பன்னாட்டு நிறுவனத்தின் சேகரிப்பில் அதற்கு எண் 4605. இந்தியா, வங்கதேசம் இரண்டின் பெருக்கத் திட்டங்களிலும் அதைப் பெற்றோராகப் பரவலாகப் பயன்படுத்தினார்கள். அதன் சீக்கிரப் பூப்புக்குக் காரணமான மரபணு எது என்பதும் தெரியும்; செடியின் உள்கடிகாரத்தோடு தொடர்புடைய, பட்டாணியிலும் இணையாக இருக்கிற ஒன்று என்று 2012-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஒரே ஒரு பண்பு, பூக்கும் நாள், ஒரு துணைக்கண்டத்தின் மசூர் முழுவதையும் வெளி உலகத்திலிருந்து பிரித்து வைத்திருந்தது. காய் எண்ணிக்கையோ விதை எடையோ அப்படி ஒரு தடையாக நின்றதில்லை.

உங்கள் வயலிலும் அதே கதைதான், சிறிய அளவில். அக்டோபர் கடைசி, நவம்பரில் விதைத்தது பனியில் வளர்கிறது. பிப்ரவரிக் கடைசியிலிருந்து வெயில் ஏறுகிறது. பூவும் பிஞ்சும் இருக்கும்போது வெப்பம் 30 முதல் 32 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் கெடுகிறது, பூ உதிர்கிறது, இருக்கிற விதையும் சுருங்கிப் போகிறது. கரிசல் மண்ணில் தேங்கியிருந்த ஈரமும் அதே நேரத்தில் தீர்கிறது. அதனால் மானாவாரியில் பூக்கும் நாளுக்கும் விளைச்சலுக்கும் எதிர்த்தொடர்பு வருவது இயல்பு. கூடவே ஒரு எச்சரிக்கை: அளவுக்கு மீறிச் சீக்கிரம் பூப்பதும் லாபமில்லை. செடி உடம்பு வைக்காமலே பூத்துவிட்டால் காய் தாங்கக் கணுக்களே இருக்காது. ஒருவேளை உங்கள் வரைபடத்தில் புள்ளிகள் நேர்க்கோடாக இல்லாமல் நடுவில் உயர்ந்து இரண்டு பக்கமும் இறங்கினால், இரண்டு பண்புகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று காட்டும் எண்ணான தொடர்புக் கெழு சின்னதாக வரும். அதைப் பார்த்துத் தொடர்பே இல்லை என்று எழுதிவிடாதீர்கள், வளைவைத்தான் எழுத வேண்டும்.

பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கத்தில் நெல் அறுவடைக்கு முன்பே, நிற்கிற பயிருக்கு நடுவே ஈர மண்ணில் மசூரைத் தூவுகிறார்கள். உழவு கிடையாது, பெரும்பாலும் பாசனமும் கிடையாது. அங்கே செடி பிழைப்பது வேர் எவ்வளவு சீக்கிரம் ஆழத்துக்கு இறங்குகிறது என்பதில். காய் எண்ணிக்கை அந்த வேரின் நிழல் மாதிரி, பின்னால் வருவது. கனடாவின் சஸ்காட்சுவனில் நிலைமை வேறு. வசந்தத்தில் விதைத்து, கோடையின் நீண்ட பகலில் வளர்ந்து, உறைபனி வருமுன் அறுக்க வேண்டும். அங்கே மழை அதிகமாகிவிட்டால் செடி வளர்வதை நிறுத்தாமல் இலையாகவே விட்டுக்கொண்டிருக்கும், கொஞ்சம் வறட்சி வந்தால்தான் காய் ஒழுங்காகத் திரளும். 1978-இல் சஸ்காட்சுவன் பல்கலைக்கழகம் வெளியிட்ட லேர்ட் என்ற பெரு விதை ரகமும், 1980-இல் வந்த எஸ்டன் என்ற சிறு விதை ரகமும் அங்கே இந்தப் பயிரை நிலைநிறுத்தின. லேர்ட் முதிர நாள் எடுக்கும், எஸ்டன் சீக்கிரம் வரும். இரண்டுக்கும் இடமிருந்தது. இலங்கையில் தினமும் சோற்றோடு சேர்கிற பருப்பில் கனடா, ஆஸ்திரேலிய வயல்களிலிருந்து வருவது நிறைய. ஒரு நாட்டுக் கட்டுரையில் பூக்கும் நாளுக்கு நேர்த்தொடர்பு, இன்னொன்றில் எதிர்த்தொடர்பு என்று பார்த்தால் குழம்ப வேண்டாம். பருவம் எந்தப் பக்கம் மூடுகிறது என்று பாருங்கள். தமிழ்நாட்டுச் சமவெளியில் இந்தப் பயிர் எடுபடாததும் இதனால்தான், நம் மார்கழி அதற்குப் போதுமான குளிர் இல்லை.

கிளைகள் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காய் தாங்குவது பெரும்பாலும் இரண்டாம் நிலைக் கிளைகள், அதனால் அவற்றின் எண்ணிக்கை காய் எண்ணிக்கையோடு கூடவே போகும். காயையே எண்ணிவிட்டால் கிளை எண்ணுவதில் கூடுதல் செய்தி கொஞ்சம்தான்.

உயரத்தை மட்டும் வேறு கோணத்தில் பாருங்கள். விளைச்சலோடு அதன் தொடர்பு இடத்துக்கு இடம் மாறும், ஆனால் விளைந்ததில் எவ்வளவு வீட்டுக்கு வருகிறது என்பது அதில் இருக்கிறது. தண்டு மெலிது, காய் பிடித்ததும் சாய்ந்துவிடும். அடிக்காய் தரையிலிருந்து எத்தனை செண்டிமீட்டரில் இருக்கிறது என்று அளந்து அட்டவணையில் ஒரு நெடுவரிசை சேர்த்துக்கொள்ளுங்கள். கையால் அறுக்கிற இடத்தில் இது பெரிய விஷயமில்லை. அறுவடைக்கு ஆள் கிடைக்காமல் இயந்திரத்துக்கு மாறுகிற இடத்தில் தாழ்ந்த காயெல்லாம் வயலிலேயே போய்விடும். கனடாவில் விதைத்தபின் நிலத்தில் பெரிய உருளை ஓட்டிக் கல்லை அமுக்குகிறார்கள், கத்தியைத் தரையோடு தரையாக இறக்குவதற்காக. அதோடு காய் வெடிப்பும் உண்டு. முதிர்ந்து ஒரு வாரம் தாமதித்தால் எந்த ரகம் சிந்துகிறது, எது தாங்குகிறது என்று பார்ப்பது சுலபம். நான்கு செடிகளை அறுக்காமல் விட்டு வைத்தால் போதும்.

கட்டுரைகளில் பெரும்பாலும் காணாமல் போகிற பண்பு அறுவடையின்போது நிற்கிற செடி எண்ணிக்கை. மசூரில் வாடல் நோய் பெரிய எதிரி, வேரழுகலும் உண்டு. முளைத்த 100-இல் 60 நின்றால், மிச்சமான செடிகளுக்கு இடம் கிடைத்து ஒவ்வொன்றும் அதிகம் காய்க்கும். நீங்கள் பத்துச் செடி பிடுங்கி எண்ணும்போது அந்த ரகம் காய் எண்ணிக்கையில் முதலிடம் பிடிக்கும், சோதனைப் பாத்தியின் விளைச்சலிலோ கடைசியில் நிற்கும். இந்தத் தலைகீழ் முடிவைப் பார்த்துக் கணக்குத் தவறு என்று நினைப்பவர்கள் உண்டு. தவறு கணக்கில் இல்லை, செடியை எண்ணாததில்தான். முளைத்து இரண்டு வாரத்தில் ஒருமுறை, அறுவடைக்கு முந்தின நாள் ஒருமுறை, நடு வரிசைகளில் ஒரு மீட்டர் நீளத்துக்கு எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள்.

செடிகளை எடுக்கும்போது கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற செடிக்குக் கை போகும், அதைத் தடுக்க வேண்டும். வரிசையில் ஒரு குச்சியைக் கண்ணை மூடி நட்டு, அதிலிருந்து தொடர்ந்து வருகிற செடிகளை எடுங்கள். ஓரவரிசை வேண்டாம். ஒரு பருவத்து முடிவை மட்டும் வைத்து ரகத்தைத் தரப்படுத்தவும் வேண்டாம். முடிந்தால் இரண்டு விதைப்பு நாள் வையுங்கள், ஒன்று நவம்பர் தொடக்கம், மற்றொன்று டிசம்பர். தாமதமாக விதைத்ததில் காய் எண்ணிக்கை எந்த ரகத்தில் குறைவாக விழுகிறதோ அதுதான் வெயிலைத் தாங்குகிறது, அல்லது வெயிலுக்கு முன்பே வேலையை முடித்துவிடுகிறது. பூக்கும் நாளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டில் எது என்று பிரிந்துவிடும்.

உங்கள் பட்டியலில் ஐபிஎல் 316, டிபிஎல் 62 போன்ற பெரு விதை ரகங்களும், எச்யூஎல் 57, பந்த் எல் 406 போன்ற சிறு விதை ரகங்களும் கலந்திருந்தால், எல்லாவற்றையும் ஒரே கூட்டமாக வைத்துத் தொடர்பு கணக்கிடுவதில் ஒரு சிக்கல் வரும். இரண்டு குழுவும் வரைபடத்தில் தனித்தனிக் கொத்தாக நிற்கும். கொத்துகளுக்கு இடையே உள்ள வித்தியாசமே ஒரு தொடர்பாகத் தெரியும், ஒவ்வொரு கொத்துக்குள்ளும் அந்தத் தொடர்பு இல்லாமலோ எதிராகவோ இருக்கலாம். நூறு விதை எடைக்கும் விளைச்சலுக்கும் உள்ள தொடர்பில்தான் இது அடிக்கடி நடக்கிறது, கட்டுரைகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதற்கும் இது ஒரு காரணம். முதலில் புள்ளிகளை வரைந்து, விதை அளவுக்கு ஏற்ப இரண்டு நிறம் கொடுத்துப் பாருங்கள், அப்புறம் குழுவாரியாகக் கெழு கணக்கிடுங்கள். குழுவுக்கு ஆறேழு ரகம்கூட இல்லையென்றால் கெழுவை அட்டவணையில் போடாமல், வரைபடத்தை மட்டும் ஆய்வேட்டில் சேருங்கள்.